காசு விழுந்த பெட்டி: யூட்டர்போக், 1517

1517-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜெர்மனியின் விட்டன்பர்க் ஊர்க்காரர்கள் பலர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த யூட்டர்போக்குக்குப் போய்வந்தார்கள். அங்கே ஜோஹன் டெட்சல் என்ற தொமினிக்கன் சபைத் துறவி சிலுவைக் கொடியை நட்டுப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அவர் தன் நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சாக்சனியின் ஆட்சியாளர் பிரெடரிக் தடை போட்டிருந்தார். எல்லையைத் தாண்டிவிட்டால் தடை இல்லை. போனவர்கள் திரும்பி வரும்போது கையில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. பேருக்கும் தேதிக்கும் இடம் விட்டு அச்சடித்த தாள். காசு கொடுத்தால் பேரை எழுதித் தருவார்கள். நம் பள்ளிப் பாடநூல்கள் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று சொல்வது இதைத்தான்.

அப்படி வந்தவர்களில் சிலர் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தங்கள் ஊர்க் குருவிடம் போனார்கள். அந்தக் குரு மார்ட்டின் லூதர். பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பித்தவர், ஊர்க் கோயிலில் பிரசங்கமும் செய்தவர். வட்டி வாங்குவதையும் பிறர் மனைவியோடு உறவு வைப்பதையும் விடுவதாக அவர்கள் சொல்லவில்லை. சீட்டைக் காட்டினார்கள். மனந்திரும்பாதவனுக்கு மன்னிப்பு கூற முடியாது என்று லூதர் மறுத்தார். அவர்கள் டெட்சலிடமே திரும்பிப் போய் முறையிட்டார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த மிக்கோனியஸ் எழுதி வைத்த வரலாறு இது.

இந்த ஒரு காட்சிக்காகவே இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்தேன். சபையில் பணம் இருக்கலாமா, கூடாதா என்ற கேள்வி எனக்குப் பெரிய கேள்வி இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து காணிக்கைப் பையைக் கொட்டி எண்ணிப் பார்த்த யாருக்கும் தெரியும், கூரை ஒழுகினால் பணம் வேண்டும், விதவைக்கு மருந்து வாங்கப் பணம் வேண்டும். பணம் எந்த இடம் வரைக்கும் வரலாம், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அந்த இடத்தை யூட்டர்போக்கில் ஏறக்குறைய விரல் வைத்துக் காட்டலாம். அதற்கு முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கடன்

1514-இல் மைன்ஸ் நகரத்துப் பேராயர் இறந்தார். பத்து ஆண்டுக்குள் அந்தப் பதவி காலியானது இது மூன்றாவது முறை: 1504, 1508, 1514. புதுப் பேராயர் ஒருவர் வரும்போதெல்லாம் ரோமுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். பல்லியம் என்கிற, தோளில் அணியும் வெள்ளைக் கம்பளிப் பட்டைக்கும் பதவி உறுதிப்பாட்டுக்கும் உரிய கட்டணம் அது. இரண்டு முறை கட்டி நொடிந்துபோயிருந்த மைன்ஸ் குருக்கள் மன்றம், மூன்றாவது முறையும் எப்படிக் கட்டுவது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் பிராண்டன்பர்க் அரச குடும்பத்து ஆல்பிரெக்ட், தன்னைத் தேர்ந்தெடுத்தால் கட்டணத்தைத் தானே கட்டுவதாகச் சொன்னார். தேர்ந்தெடுத்தார்கள்.

ஆல்பிரெக்டுக்கு அப்போது வயது 23. ஆயராக இருக்கத் திருச்சபைச் சட்டம் கேட்ட வயது 30. அவர் ஏற்கெனவே மாக்டபர்க்கின் பேராயர். ஹால்பர்ஷ்டாட் மறைமாவட்டமும் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரே ஆள் இத்தனை பதவி வகிக்கத் திருத்தந்தையின் தனி அனுமதி வேண்டும். அதற்கும் தனியே தொகை பேசப்பட்டது. வழக்கமான கட்டணம் 14,000 டுக்காட் பொற்காசு, இந்தச் சலுகைக்காக இன்னும் 10,000. அவ்வளவு பணம் ஆல்பிரெக்டிடம் இல்லை. ஆக்ஸ்பர்க் நகரத்து வணிகர் யாக்கோப் ஃபுகர் கொடுத்தார். கடன்: 29,000 ரைன் குல்டன், அதுவும் பொற்காசுதான்.

கடனை அடைக்க ரோமே வழி சொன்னது. வத்திக்கானில் புனித பேதுரு பேராலயம் எழும்பிக்கொண்டிருந்தது. 1506-இல் அடிக்கல் போட்டிருந்தார்கள். அதற்கு உதவுவோருக்குப் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை, உண்டு என்று திருத்தந்தை பத்தாம் லியோ 1515-இல் ஆணை பிறப்பித்தார். ஆல்பிரெக்டின் ஆட்சிப் பகுதிகளில் எட்டு ஆண்டு அதைப் பிரசங்கிக்கலாம். வருகிற பணத்தில் பாதி ரோமுக்கு, பாதி ஃபுகரின் கடனுக்கு. பாதி ஃபுகருக்கு என்பது மேடையில் சொல்லப்படவில்லை. காசு போட்ட குயவனுக்கும் நெசவாளிக்கும் பேதுருவின் கல்லறை மேல் ஆலயம் எழும்புவது மட்டுமே சொல்லப்பட்டது. லூதருக்கும் அன்றைக்கு இந்த ஏற்பாடு தெரியாது, பின்னாளில்தான் தெரிந்துகொண்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்று ஊழல் என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஊழல்தான். ஆனால் கடன் அத்தனையும் நேர்மையாக இருந்து, ஒவ்வொரு காசும் பேராலயத்துக்கே போயிருந்தாலும், விட்டன்பர்க் பாவசங்கீர்த்தன இருக்கை முன்னால் நடந்தது மாறியிருக்காது. அந்த வட்டிக்காரன் சீட்டைத்தான் காட்டியிருப்பான். பழுதின் வேர் கணக்குப் புத்தகத்தில் இல்லை. அது வேறொரு ஏட்டில் இருக்கிறது.

பிரசங்கிகளுக்குக் கொடுத்த ஏடு

ஆல்பிரெக்டின் பேரில் லத்தீன் மொழியில் ஓர் அறிவுறுத்தல் ஏடு பிரசங்கிகளுக்கு வழங்கப்பட்டது. அதை நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அதில் நல்லதும் இருக்கிறது. யார் எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு வரிசை போடுகிறது. அரசர்களும் ஆயர்களும் 25 பொன் குல்டன். அதற்குக் கீழே படிப்படியாகக் குறைந்து கைத்தொழில் செய்பவருக்கு 1, அதற்கும் கீழானவர்களுக்கு அரை. ஒன்றுமே இல்லாதவர்கள் ஜெபத்தாலும் உபவாசத்தாலும் அதே பலனைப் பெறலாம். பரலோகம் பணக்காரருக்குத் திறந்திருப்பதுபோல் ஏழைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ஏடே காரணமும் சொல்கிறது. ஏழையை வெளியே தள்ளும் எண்ணம் அதில் இல்லை.

கத்தோலிக்கப் போதனையின்படி பரிபூரண பலன் என்பது பாவத்தின் குற்றத்தை நீக்குவதே இல்லை. ஒரு பையன் கல்லெறிந்து பக்கத்து வீட்டுக் கூரை ஓடு ஒன்றை உடைத்துவிட்டான். அழுது மன்னிப்புக் கேட்கிறான், வீட்டுக்காரர் மன்னித்துவிடுகிறார். ஆனாலும் உடைந்த ஓட்டை யாராவது மாற்ற வேண்டும். குற்றம் பாவசங்கீர்த்தனத்தில் கடவுளின் இரக்கத்தால் தீர்கிறது. மீதமிருக்கிற அந்த ஓட்டுக் கணக்கு, அதாவது இம்மையிலோ, இறந்தவர்கள் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர வேண்டிய தண்டனை, அதைத்தான் பலன் குறைக்கிறது. கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்துவைத்த புண்ணியக் கருவூலத்திலிருந்து திருச்சபை அதை வழங்குகிறது என்பது 1343-இல் திருத்தந்தை ஆறாம் கிளமென்ட் எழுத்தில் வைத்த விளக்கம். 1476-இல் நான்காம் சிக்ஸ்துஸ் அதை இறந்தவர்களுக்கும் நீட்டினார். இந்தப் போதனையை ஏற்காதவர்களுக்கும் ஒன்று விளங்கும்: இதில் முதல் படி மனந்திரும்புதல். பையன் அழாவிட்டால் ஓட்டைப் பற்றிப் பேச்சே எழாது.

ஏடு நான்கு பெரும் வரங்களை அறிவிக்கிறது. முதலாவது வரம், உயிரோடிருப்பவருக்குப் பரிபூரண பலன். அதற்கு மனஸ்தாபமும், அதாவது பாவத்துக்காக மனம் வருந்துவதும், பாவசங்கீர்த்தனமும் வேண்டும் என்று சரியாகவே சொல்கிறது. அடுத்தது, விரும்பிய குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய உரிமை தரும் சீட்டு. மூன்றாவது, திருச்சபையின் ஜெபதவங்களில் எல்லாம் பங்கு. இவ்விரண்டையும் பெறுவதற்குப் பாவசங்கீர்த்தனம் அவசியமில்லை, சீட்டு வாங்கினால் போதும் என்கிறது ஏடு. நான்காவது, உத்தரிக்கிற ஸ்தலத்திலிருக்கும் ஆன்மாக்களுக்கு விடுதலை. பெட்டியில் காசு போடுகிறவரின் இருதயத்தில் துக்கம் இருக்க வேண்டியதில்லை, அவர் வாயால் அறிக்கையிட வேண்டியதுமில்லை. காசு விழுந்தால் போதும்.

நான் தேடியது இந்த வாக்கியத்தை. வாதம் இப்படி இருந்திருக்கும்: பலன் இறந்துபோன தாய்க்கு, அவள் கிருபையில் இறந்தவள், ஆகவே கொடுக்கும் மகனின் நிலை எப்படி இருந்தால் என்ன? தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது எளிதில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியில் கொடுக்கிற மனிதர் தேவையில்லாமல் போய்விட்டார். அவருடைய கை போதும், கையிலிருக்கும் நாணயம் போதும். இதற்கு முன்வரை நாணயம் மனதின் பின்னால் வந்தது; இங்கே அது மனதின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

மேடையில் இது இன்னும் சுருங்கியது. பெட்டியில் காசு 'கலீர்' என்று விழுந்ததும் ஆன்மா மேலே பறக்கிறது என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. லூதர் அந்த ஆண்டு எழுதிய 95 கோட்பாடுகளில் 27-ஆவது இதை எடுத்துச் சொல்லி மறுக்கிறது. இதில் கத்தோலிக்க வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதே பேச்சை பாரிஸ் பல்கலைக்கழகத்தின் இறையியலாளர்கள் 1482-லேயே கண்டித்திருந்தார்கள். அப்போது லூதர் பிறந்திருக்கவில்லை. எல்லைக்கோட்டைத் திருச்சபையின் சொந்த அறிஞர்களே போட்டிருந்தார்கள். கடன் அவசரத்தில் அதை மிதித்துப் போனார்கள்.

அச்சு இயந்திரம் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். மைன்ஸ் நகரத்தில் குட்டன்பர்க் காலத்திலேயே, 1454-இல், இப்படிப்பட்ட சீட்டுகள் அச்சாகிவிட்டன. கையால் எழுதினால் ஒரு நாளைக்கு எத்தனை எழுத முடியும்? எழுதுகிறவர் நிமிர்ந்து எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்கவாவது நேரம் இருந்திருக்கும். அச்சுக்கு அது தேவையில்லை.

விட்டன்பர்க்கின் பதில்

1517 அக்டோபர் 31 அன்று லூதர் 95 கோட்பாடுகளைக் கதவில் அறைந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. அன்றைய தேதியிட்டு அவர் ஆல்பிரெக்டுக்குக் கடிதம் எழுதி, கோட்பாடுகளையும் கூட வைத்தார் என்பதில் சந்தேகம் இல்லை. கடிதம் பணிவானது. அவர் முறையிட்டது அந்த ஏட்டைப் பற்றித்தான்: உங்கள் பேரில், உங்களுக்குத் தெரியாமல்தான் இருக்கும், ஓர் ஏடு போயிருக்கிறது, ஆன்மாக்களை மீட்பவர்களுக்கும் சீட்டு வாங்குபவர்களுக்கும் மனஸ்தாபம் தேவையில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. 35-ஆவது கோட்பாடும் அதே வரியைத்தான் குறிவைக்கிறது.

கோட்பாடுகளை வரிசையாகப் படித்தால் அவர் பணத்தை வெறுக்கவில்லை என்பது தெரியும். ஏழைக்குக் கொடுப்பதும் இல்லாதவனுக்குக் கடன் தருவதும் சீட்டு வாங்குவதைவிட மேலானது என்கிறார் (43). தேவையில் கிடப்பவனைத் தாண்டிப்போய்ச் சீட்டுக்குக் காசு கொடுப்பவன் சம்பாதிப்பது கடவுளின் கோபத்தை (45). வீட்டுக்குத் தேவையானதை வைத்துக்கொள்ள வேண்டும், சீட்டில் வீணாக்கக் கூடாது (46). பணத்தை எடுத்து அது போக வேண்டிய வழியில் திருப்பிவிடுகிறார்: பக்கத்து வீட்டு அடுப்புக்கு. மெய்யாக மனம் வருந்தும் கிறிஸ்தவனுக்குச் சீட்டில்லாமலே முழு மன்னிப்பு உண்டு என்பது 36. பழைய ரோமின் கோடீஸ்வரர் கிராசஸைவிடப் பணக்காரரான திருத்தந்தை ஏன் தன் சொந்தப் பணத்தில் ஆலயம் கட்டக் கூடாது என்று மக்கள் கேட்பதை 86 பதிவு செய்கிறது. மக்கள் அதை விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு 43-தான் நெருக்கம்.

ஆல்பிரெக்ட் லூதருக்குப் பதில் எழுதவில்லை. கோட்பாடுகளை ரோமுக்கு அனுப்பினார். மற்றது உலகறிந்த வரலாறு.

டெட்சலைத் தடுத்த பிரெடரிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரும் விட்டன்பர்க் அரண்மனைக் கோயிலில் புனிதர்களின் எச்சங்களைச் சேர்த்துவைத்திருந்தார். 1509-இல் அச்சிட்ட பட்டியலில் 5,005. 1520-க்குள் 19,000-ஐ எட்டிவிட்டது. சகல புனிதர்கள் திருநாளில் அவற்றைத் தரிசித்துக் காணிக்கை போட்டால் அங்கும் பலன் உண்டு. தன் குடிமக்களின் வெள்ளி பிராண்டன்பர்க் வீட்டுக்குப் போவதை அவர் விரும்பவில்லை. அவருடைய தடை சரியான பக்கம் நின்றது. காரணம் அவ்வளவு சுத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவரவர்க்கு என்ன ஆனது

டெட்சல்மேல் எல்லோரும் பழியைப் போட்டார்கள். ரோமின் தூதர் மில்டிட்ஸ் 1519 தொடக்கத்தில் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். டெட்சல் லைப்சிக் துறவி மடத்தில் ஒடுங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்தார். அவர் நோயில் கிடந்தபோது லூதர் ஆறுதல் கடிதம் எழுதினார்: கலங்காதீர், இந்தக் காரியம் உம்மால் தொடங்கியதல்ல, இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் வேறு. எதிராளி எழுதிய இந்தக் கடிதத்தை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். சீட்டு கொடுத்தவருக்கு அந்தப் படுக்கையில் சீட்டு உதவவில்லை. இன்னொரு மனிதர் நேரம் ஒதுக்கி, மனம் இளகி எழுதிய நாலு வரி உதவியிருக்கக்கூடும்.

ஃபுகரின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கடன் கொடுத்த அதே யாக்கோப் ஃபுகர், அதே ஆண்டுகளில், ஆக்ஸ்பர்க்கில் ஏழைகளுக்குக் குடியிருப்பு கட்டினார். 1521-இல் அறக்கட்டளைப் பத்திரம் எழுதினார். உழைத்தும் வறுமையில் விழுந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வீடு. ஆண்டு வாடகை ஒரு ரைன் குல்டன். நாளுக்கு மூன்று ஜெபம், கர்த்தர் கற்பித்த ஜெபமும் மங்கள வார்த்தை ஜெபமும் விசுவாசப் பிரமாணமும், கட்டியவருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும். இசைமேதை மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார் பிரான்ஸ் மோட்சார்ட், அங்கே குடியிருந்தவர். 1944 குண்டுவீச்சில் பெரும்பகுதி இடிந்தது, மீண்டும் கட்டினார்கள். இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். இன்றும் ஆண்டு வாடகை அந்த ஒரு குல்டன்தான், யூரோ கணக்கில் 88 சென்ட்.

500 ஆண்டாக ஏழைகள் தலைக்குமேல் கூரை! பணத்தால் செய்ய முடிந்ததில் இதைவிடப் பெரிது என்ன இருக்கிறது? இதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த மூன்று ஜெபங்களிடம் வரும்போது ஃபுகரும் யூட்டர்போக் பெட்டியின் முன்னால் வந்து நிற்கிறார். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர், தன் ஆன்மாவுக்காக ஏழைக் கிழவி ஒருத்தியின் ஜெபம் வேண்டும் என்று கேட்கிறார். பத்திரம் எழுதி அவள் உதடு அசைய வைக்கலாம். அவள் மனதார அவருக்காகக் கேட்டாளா என்பது அவளுடைய கையில்தான் இருந்தது; எத்தனை ஷரத்து எழுதினாலும் அங்கே எட்டாது. அவள் நன்றியோடு மெய்யாகவே கேட்டிருப்பாள் என்றுதான் நம்புகிறேன். அப்படியானால் அது அவள் இனாமாகக் கொடுத்தது.

திருச்சபையும் கோட்டைத் திரும்பப் போட்டது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1562-இல் காணிக்கை வசூலிக்கும் பிரசங்கிகளின் பதவியையே ஒழித்தது. 1563 டிசம்பரில் பலன்களின் பேரில் வரும் ஆதாயம் அத்தனையும் ஒழிய வேண்டும் என்று தீர்மானித்தது. 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், பணம் கட்டிப் பெறும் பலன்களையெல்லாம் ரத்துசெய்தார். இன்றைய கத்தோலிக்க விதியில் பரிபூரண பலனுக்குப் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக ஜெபம் ஆகியவற்றோடு இன்னொரு நிபந்தனை இருக்கிறது: அற்பப் பாவத்தின்மேலும் பற்று இல்லாத மனம். ஆல்பிரெக்டின் ஏடு தூக்கி எறிந்ததை அப்படியே திரும்ப எடுத்து வாசலில் வைத்திருக்கிறார்கள். 1999-இல் லூதரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்ட இடம் ஆக்ஸ்பர்க், ஃபுகரின் ஊர். நாள் அக்டோபர் 31.

ஆல்பிரெக்ட் 1518-இல் கர்தினால் ஆனார். கடன் அவரை விடவேயில்லை. ஹாலே நகரத்தில் குடியிருந்து, அங்கே 8,000-க்கு மேற்பட்ட புனித எச்சங்களைச் சேர்த்தார். கடைசியில் 1541-இல், தன் 5,00,000 குல்டன் கடனை மாக்டபர்க் பகுதியின் குடிகள் ஏற்றுக்கொள்வதற்கு ஈடாக, அவர்களுக்குச் சமயச் சுதந்தரம் கொடுத்துவிட்டு ஹாலேயை விட்டுப் போனார்.

ஹாலேயில் இன்னொரு பெட்டி

ஹாலே என்ற பேர் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அங்கே படித்தவர். முதலில் அவர் கைக்கு வந்த தமிழ் அச்சு எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டவை. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்ததற்குப் பின்னால் ஹாலே மக்களின் காணிக்கை இருக்கிறது. அங்கிருந்த ஸ்தாபனங்களை எழுப்பியவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. ஹாலேயை ஒட்டிய கிளவ்ஹா என்ற ஏழை ஊரின் போதகர்.

பிராங்கே தன் வீட்டுக் கூடத்தில் ஏழைகளுக்காக ஒரு பெட்டி மாட்டியிருந்தார். அதன்மேல் யோவானின் முதலாம் நிருபத்திலிருந்து ஒரு வசனம் எழுதியிருந்தது: உலக ஆஸ்தி உள்ளவன், குறைச்சல்படும் சகோதரனைக் கண்டும் தன் இருதயத்தை அடைத்துக்கொண்டால், அவனுக்குள் தேவ அன்பு நிலைப்பது எப்படி என்று கேட்கும் வசனம். கூடவே கொரிந்தியரிலிருந்து இன்னொன்று, கட்டாயத்தால் அல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்க வேண்டும் என்பது. இரண்டும் பெட்டியைவிட இருதயத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. காசு போட்டால் என்ன கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

1695-இல் ஒரு நாள் பெட்டியைத் திறந்தபோது யாரோ ஒரு பெண்மணி மொத்தமாக 4 தாலரும் 16 குரோஷனும் போட்டிருந்தார். பிராங்கே அதைக் கையில் எடுத்து, இது நல்ல மூலதனம், இதைக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம் தொடங்குகிறேன் என்றார். அன்றைக்கே 2 தாலருக்குப் புத்தகம் வாங்கினார். ஏழை மாணவர் ஒருவரைத் தினம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அமர்த்தினார்.

27 புத்தகங்கள் கொடுத்தார். நான்குதான் திரும்பி வந்தன. மற்றப் பிள்ளைகள் புத்தகத்தோடு போனவர்கள், வரவேயில்லை. அவர் மறுபடியும் புத்தகம் வாங்கினார்.